வீதியறியாத எச்சரிக்கை

1-7-2019 முதல் நம் நாட்டில் தயாராகும் மோட்டார் கார்களில் வேக எச்சரிக்கைக் கருவி இருத்தல் வேண்டுமென்பது இந்திய சர்க்காரின் விதி. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் அது விட்டுவிட்டு ஒலிக்கும்; 120-ஐத் தாண்டினால் ஓயாது அலறும். நெடுஞ்சாலைக்கே இது போதுமா என்பது ஐயம். 120 கிலோமீட்டர் வேகத்தை அனுமதித்த 2018-ஆம் ஆண்டு அறிவிப்பைச் சென்னை ஹைகோர்ட்டார் 2021-ல் ரத்து செய்தனர். ஸ்ரீரங்கத்துக்கோ இது சிறிதும் பொருந்தாது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தினிடையே, சித்திரை வீதியில் ஒருவர் 60 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தாலும் கருவி வாய் திறவாது. கிழவரும் குழந்தைகளும் நடக்கும் வீதி அது என்பதை யந்திரம் எங்ஙனம் அறியும்?

அறியச் செய்யலாம். ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் விற்பனையாகும் புதுக் கார்கள், சாலையோரப் பலகையைக் காமிராவால் படித்தோ தேசப்படத்தைக் கொண்டோ, அவ்விடத்து வேகவரம்பைச் சாரதிக்கு உணர்த்துகின்றன. சாரதியின் சுதந்திரத்தில் யந்திரம் தலையிடலாமா என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். சுதந்திரம் என்ற சொல்லை நாம் லேசாகக் கருதுபவரல்லோம். நடப்பவருக்கும் அது உண்டு. தவிர, ஐரோப்பியக் கருவியையும் மீறி மிதிப்பவர் மிதிக்கலாம்.

டில்லி சர்க்கார் இத்தகைய விதியை இங்கும் கொண்டுவர வேண்டும். அதற்கு முன்னரே திருச்சி மாநகராட்சியார் செய்யவேண்டியது ஒன்றுண்டு. மாம்பழச்சாலையிலிருந்து உத்தர வீதிகள்வரை வேகவரம்புப் பலகைகளைத் தெளிவாக நாட்டி, அவற்றின்மேல் எவரும் சுவரொட்டி ஒட்டாதபடி காக்கவேண்டும். பலகையே கண்ணுக்குத் தெரியாத வீதியில் காமிரா எதைப் படிக்கும்?