லிஸ்டில் "நின்னு போச்சு" என்று ஒரு கட்டம் வேண்டும்

எங்கள் ஊர் சோமனூர். ஊருக்குள் நுழையும்போதே தறிச்சத்தம் கேட்கும். சின்ன வயதில் அந்தச் சத்தம் நின்றால்தான் எனக்கு முழிப்பு வரும், கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம் :-) சத்தம் இல்லாவிட்டால் ஏதோ ஆகியிருக்கிறது என்பதை அப்போதே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்கவில்லை.

எங்கள் ப்ராஜெக்டுக்கு ஐந்து பேர். ட்ரெல்லோவில் பொதுவாக ஒரு லிஸ்ட் போட்டோம். செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று மூன்று கட்டம். யாருக்கு என்ன வேலை, என்றைக்குள் என்று எல்லாம் எழுதியாகிவிட்டது. முதல் வாரம் ஜோராக ஓடியது. அப்புறம் ஒரு கார்டு மட்டும் நடுக்கட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டது. தேதி தாண்டி சிவப்பாகி ஒன்பது நாள். நாங்கள் நாலு பேரும் தினமும் பார்த்தோம். "அவன் எப்பவுமே இப்படித்தான்" என்று தனியாகப் பேசிக்கொண்டோம். அவனிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது. அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல், ராத்திரி ஷிஃப்டில் தறி ஓட்டியது அவன். அதைவிடக் கொடுமை, அவனுக்கு டேட்டா தர வேண்டியவன் நான். நான் அனுப்பிய ஃபைலில் பாதி காலி! கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறான். ஏனென்றால் என் கார்டு "முடிந்தது" கட்டத்தில் ஜம்மென்று இருந்தது.

இந்தக் கார்டு முறையின் பூர்வீகத்தைத் தேடினால் தறியில்தான் போய் நிற்கிறது. ஜப்பானில் சாகிச்சி டொயோடா 1924-ல் செய்த தானியங்கித் தறி, ஒரு இழை அறுந்தாலும் தானாக நின்றுவிடும். கெட்ட துணி நெய்யாது. அவருடைய நூற்பு, நெசவு மில்லில் 1932-ல் சேர்ந்த தாய்ச்சி ஓனோதான், 1943-ல் டொயோட்டா கார் கம்பெனிக்குப் போய், பின்னாளில் 'கான்பான்' என்ற கார்டு முறையை வளர்த்தார். அந்தத் தொழிற்சாலையில் கார்டு மட்டும் இல்லை, ஒரு கயிறும் உண்டு. சிக்கல் என்றால் தொழிலாளி கயிற்றை இழுப்பார், மேற்பார்வையாளர் உதவிக்கு வருவார். நாம் கார்டை எடுத்துக்கொண்டோம், கயிற்றை விட்டுவிட்டோம்.

ஆகவே என் கட்சி இதுதான்: நான்காவதாக "நின்னு போச்சு" என்று ஒரு கட்டம் வேண்டும். அதில் கார்டை வைப்பவர் என்ன வேண்டும், யாரிடமிருந்து வேண்டும் என்று ஒரு வரி எழுத வேண்டும். அன்றைக்கே ஒருவர் போன் பண்ண வேண்டும். "முடிந்தது" என்று நகர்த்துவதும் வேலை செய்தவர் அல்ல, அதை வாங்கிப் பயன்படுத்துபவர்.

"எல்லாரும் சாக்கு சொல்லி அங்கே தள்ளிவிடுவார்களே?" என்று கேட்கலாம். தள்ளட்டும். என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னால் வெறும் சாக்கு ரெண்டு நாள் தாங்காது. வாய் திறக்காமல் ஒன்பது நாள் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எங்கள் பக்கத்துச் சாதாரணத் தறியில் ஊடை அறுந்தால் தறியே நின்றுவிடும். பாவு இழை அறுந்தால் ஆள்தான் கண்ணில் பார்த்து நிறுத்த வேண்டும். பார்க்காமல் விட்டால் துணி நெடுகக் கோடு விழும். எங்கள் டீமில் விழுந்தது அந்தக் கோடுதான். பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் நாங்கள் நாலு பேர்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் லிஸ்டில் இன்று சிவப்பாக நிற்கும் கார்டு யாருடையது? முதலில் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.