பாவம் ஒருவருக்கு, தண்டனை இன்னொருவருக்கா?

மணமேல்குடியில் பஸ் ஏறி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், கோட்டைப்பட்டினம், மீமிசல் தாண்டி எஸ்.பி.பட்டினம் வரும். அங்கிருந்து உள்ளே திரும்பினால் ஓரியூர். புதுக்கோட்டை மாவட்டம் முடிந்து ராமநாதபுரம் மாவட்டம் ஆரம்பித்துவிடும். அங்கே செம்மண் திடலும், பக்கத்தில் அருளானந்தர் கோவிலும் இருக்கின்றன. வருகிறவர்கள் மதம் பார்ப்பதில்லை. ஒரு பிடி செம்மண்ணை முடிந்துகொண்டுதான் ஊர் திரும்புகிறார்கள்.

போர்ச்சுக்கல் நாட்டிலிருந்து வந்த பாதிரியார் ஜான் டி பிரிட்டோவைத்தான் ஜனங்கள் அருளானந்தர் என்கிறார்கள். 1693-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந்தேதி ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947-ல் போப்பாண்டவர் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

எதற்காக வெட்டினார்கள்? "மதத்தைப் பரப்பினார், வெட்டினார்கள்" என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கதை அவ்வளவு சின்னதில்லை. ஒரு பெரிய மனிதர் வீட்டுக் குடும்ப விவகாரத்தில் பாதிரியார் கை வைத்தார். வினை அங்கேதான் பிறந்தது.

தடியத்தேவர்

மறவர் சீமையில் தடியத்தேவர் செல்வாக்கானவர். சேதுபதி பட்டத்துக்கே உரிமை கொண்டாடக்கூடிய குடும்பம். அவருக்குத் தீராத நோய் வந்தது. உபதேசியார் ஒருவர் வந்து ஜெபித்த பிறகு குணமானது. உடனே "எனக்கு ஞானஸ்நானம் கொடுங்கள்" என்று தேவர் கேட்டார்.

அவருக்கு மனைவிகள் பலர். அருளானந்தர் கறாராகச் சொல்லிவிட்டார்: ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும், மற்றவர்களை விலக்க வேண்டும், அப்புறம்தான் ஞானஸ்நானம். தேவரும் ஒப்புக்கொண்டார். 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் நடந்தது.

விலக்கப்பட்டவர்களில் இளையவள் பெயர் கடலாயி. கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய உறவுப் பெண். அவள் நேரே அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். பட்டத்துக்குப் போட்டியாக வரக்கூடிய ஆள் மதம் மாறியது சேதுபதிக்கு ஏற்கெனவே உறுத்தல். போதாக்குறைக்கு இந்தப் பாதிரியார், 1686-ல் பிடித்து வதைத்து "இனி இந்தச் சீமையில் கால் வைக்காதே" என்று விரட்டப்பட்டவர். ஒரு மாதத்துக்குள் தலை போய்விட்டது. (மதத்தை வைத்து அரண்மனையில் வழக்கு நடப்பது, பாண்டியன் மந்திரியான குலச்சிறை நாயனாரைப் பெற்ற மணமேல்குடிக்குப் புதிய செய்தியல்ல.)

இதில் அருளானந்தரை மெச்ச வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆள் பெரிய ஆள், பணக்காரர், சேர்த்துக்கொண்டால் சபைக்கே பலம். "தேவருக்கு மட்டும் சலுகை" என்று அவர் சொல்லவில்லை. ஏழைக்கு எந்தச் சட்டமோ, அதே சட்டம்தான் தேவருக்கும். உயிர் போகும் என்று தெரிந்தும் மாற்றவில்லை.

இன்று எத்தனை சபைகளில் இது நடக்கிறது? கூலிக்காரர் மகள் வேறு சாதிப் பையனோடு போய்விட்டால், அந்த வாரமே குடும்பத்துக்குத் திருவிருந்து கிடையாது. ஆலய முன்னாடி நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைப்பதும் உண்டு. ஆனால் கமிட்டியில் உட்கார்ந்திருக்கும் கந்துவட்டிக்காரர்? கோபுரத்துக்கு நன்கொடை கொடுத்தவர்? அவருக்கு முன்வரிசை நாற்காலி! "அவர் விஷயம் ஆண்டவருக்குத் தெரியும்" என்று போதகர் கையைக் கட்டிக்கொள்கிறார்.

வரதட்சணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ல் சட்டம் வந்துவிட்டது. வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். எவ்வளவு ரொக்கம், எத்தனை பவுன் என்பது பல கல்யாணங்களில் மோதிரம் மாற்றி வைக்கும் ஐயருக்கே தெரியும். கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர்களிடம், சீதனப் பணத்தில் ஒரு பங்கு கோவிலுக்கே போகிற வழக்கம்கூட இருந்தது. அதை எந்தப் பீடத்தில் நின்று பாவம் என்று சொல்வது?

கடலாயியின் வழக்கு

அருளானந்தர் விஷயத்தில் மெச்ச முடியாத இடமும் ஒன்று இருக்கிறது. கடலாயி என்ன பாவம் செய்தாள்? அவளாகப் போய் ஐந்தோடு ஆறாகக் கல்யாணம் செய்துகொண்டவள் அல்ல. அந்தக் கால அரண்மனை வழக்கப்படி கட்டிவைத்தார்கள், வாழ்ந்தாள். புருஷன் ஞானஸ்நானம் பெற்ற அன்று அவள் தெருவுக்கு வந்தாள். மற்ற மனைவிகளைச் சகோதரிகளாகப் பாவித்துக் காப்பாற்றுவதாகத் தேவர் சொன்னார் என்றும் ஒரு வரலாறு உண்டு. இருக்கலாம். நேற்றுவரை மனைவி, இன்றிலிருந்து தங்கச்சி என்றால் எந்தப் பெண்ணுக்குப் பொறுக்கும்?

அந்தச் சீமையில் ராஜகுடும்பத்துப் பெண்ணுக்குப் புருஷனை விட்டால் வேறு வாழ்க்கை கிடையாது. இதே கிழவன் சேதுபதி 1710-ல் இறந்தபோது அவருடைய மனைவிகள் 47 பேர் உடன்கட்டை ஏறினார்கள் என்று பாதிரிமார் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் "விலக்கு" என்பது லேசான வார்த்தையா? கடலாயி அரண்மனைக்கு ஓடியதைப் பொறாமை என்றும் வஞ்சம் என்றும் கதை சொல்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவளுக்குப் போக வேறு எந்த வாசல் இருந்தது?

இது அருளானந்தர் ஒருவர் செய்த தவறல்ல. சபைகள் எல்லாமே அப்படித்தான் நினைத்தன. 1888-ல் லண்டனில் லாம்பெத் மாநாட்டில் கூடிய ஆங்கிலிக்கன் பேராயர்கள், பல மனைவிகள் உள்ளவனுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். ஆப்பிரிக்காவில் இதனால் எத்தனையோ குடும்பங்கள் உடைந்தன. விலக்கப்பட்ட பெண்களும் பிள்ளைகளும் கதியற்றுப்போனார்கள். சரியாக நூறு வருஷம் கழித்து, 1988-ல், அதே லாம்பெத் மாநாடு மாற்றிச் சொன்னது: அவனையும், விசுவாசிக்கிற மனைவி மக்களையும் சேர்த்துக்கொள்ளலாம். இனி வேறு கல்யாணம் செய்யமாட்டேன் என்று அவன் வாக்குக் கொடுக்க வேண்டும். விலக்கினால் அந்தப் பெண்கள் சீரழிவார்கள் என்பதால், விலக்கு என்று அவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

பாவத்தை நல்லது என்று யாரும் சொல்லவில்லை. திருத்துகிற செலவை யார் தலையில் கட்டுவது என்பதைத்தான் நூறு வருஷம் யோசித்து மாற்றினார்கள்.

மூன்று படி

மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு இதற்கு மூன்று படி சொல்லியிருக்கிறார். தப்புச் செய்தவனை முதலில் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அப்புறம்தான் சபை. நம்ம ஊர்ப் போதகர்கள் சிலர் நேரே மூன்றாவது படியில் ஏறி நின்று மைக்கைப் பிடிக்கிறார்கள். "பெயரைச் சொல்லவில்லையே" என்பார்கள். பெயர் எதற்கு? மணமேல்குடி மாதிரி ஊரில் தெருவைச் சொன்னாலே வீடு தெரிந்துவிடும்.

ஆனால் தனியாகப் பேசித் தீர்க்கக் கூடாத பாவமும் இருக்கிறது. குழந்தையிடம் ஒருவன் முறைகேடாக நடந்தான் என்று போதகர் காதுக்கு வந்தால், அது சபை விவகாரம் அல்ல, போலீஸ் விவகாரம். 2012-ம் வருஷத்து போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை ஜெயில். தன் கீழ் வேலை செய்பவன் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருஷம் வரை. "குடும்ப மானம் போகும், ஜெபித்து மன்னித்துவிடுங்கள்" என்று தாயிடம் சொல்கிற போதகர் மன்னிப்பைப் போதிக்கவில்லை, குற்றவாளியை ஒளித்து வைக்கிறார். ரோமாபுரியே இறங்கி வந்துவிட்டது. இந்த மாதிரி வழக்குகளுக்கு இருந்த "பாப்பரசு ரகசியம்" என்ற பூட்டை 2019 டிசம்பரில் போப் பிரான்சிஸ் உடைத்தார்.

குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனும் இதே கணக்குத்தான். அவன் ஞாயிற்றுக்கிழமை முழங்கால் போட்டு அழுதால் சபையே உருகிப்போகிறது. சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். அடி வாங்கியவள் பின்வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அவன் சாட்சி சொல்லப்போகிற ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், போதகர் தம் மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகட்டும். அவன் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகட்டும். திண்ணையில் உட்கார்ந்து, "என்னம்மா, வீட்டில் அரிசி இருக்கிறதா? ராத்திரி பயமில்லாமல் தூங்குகிறாயா?" என்று கேட்கட்டும். சாட்சி அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம்.