புள்ளிப் பட்டியலில் இடம்பெறாத பாடங்கள்

புலம்பெயர்ந்த தமிழர் இல்லங்களில் சனிக்கிழமை ஓய்வுநாள் என்று எவரும் சொல்லிவிட முடியாது. காலையில் தமிழ்ப் பாடசாலை. நண்பகலில் கணித ரியூசன். பிற்பகலில் மிருதங்கம் அல்லது நடனம். மாலையில் உறவினர் ஒருவரின் பிறந்தநாள் மண்டபம். இவற்றுக்கிடையே பதினாறு வயதுப் பிள்ளையொன்று நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு மூலையில் அமர்ந்தால், அல்லது வகுப்புத் தோழனுடன் ஆற்றங்கரைக்குப் போய்வர அனுமதி கேட்டால், பெற்றோரிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சோதனைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்குது?"

இக் கேள்வியை எள்ளி நகையாடுவது எனது நோக்கமன்று. அதற்கொரு வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், பல்கலைக்கழக வாசலில் ஒரு புள்ளியின் விலை என்னவென்பதை எமது பெற்றோருக்குக் கற்பித்தது. பின்னர் வந்த போர், வீடும் காணியும் நகையும் ஓரிரவில் கைவிடப்படக்கூடியவை என்பதையும், கற்ற கல்வி ஒன்றையே எல்லை கடந்து கொண்டுசெல்லலாம் என்பதையும் உணர்த்தியது. ஆகவே பெற்றோரின் அச்சம் நியாயமானதே. ஆயின் அந்த அச்சம் எமது பிள்ளைகளின் வாழ்விலிருந்து எவற்றையெல்லாம் வெளியேற்றிவிடுகின்றது என்பதனையும் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். வாசிப்பு, இசை, பள்ளித் தோழமை என்னும் மூன்றையும் படிப்புக்கு இடையூறாகக் கருதுவோர், பிரான்சின் தென்பகுதியில் ஒரே பள்ளியில் கற்ற மூன்று மாணவர்களின் கதையை அறிந்துகொள்வது நன்று.

எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் என்னும் நகரில், 1852ஆம் ஆண்டில், பூர்போன் கல்லூரியில் உதவிப் பணம் பெற்று ஒரு சிறுவன் சேர்ந்தான். அவனது தந்தை வெனிஸ் நகரிலிருந்து வந்து குடியேறிய பொறியியலாளர். அந் நகருக்கு நீர் வழங்க அணைக்கட்டுத் திட்டமொன்றை வகுத்தவர். பணி முடிவதற்கு முன்னரே, 1847இல், அவர் இறந்துபோக, குடும்பம் கடனிலும் வழக்குகளிலும் மூழ்கியது. சிறுவனோ பாரிசில் பிறந்தவன். தென்னாட்டுப் பிள்ளைகளின் காதுக்கு அவனது பேச்சு வேடிக்கையாக ஒலித்தது. பெயர் அந்நியம், உச்சரிப்பு அந்நியம், கையில் காசும் இல்லை. சக மாணவர்கள் அவனை ஒதுக்கிவைத்தனர். அச் சிறுவனே பின்னாளில் உலகம் அறிந்த நாவலாசிரியர் எமில் சோலா. பிரெஞ்சுக் குடியுரிமை அவருக்குக் கிடைத்தது 1862இலேயே. அதுவரை, தான் பிறந்த நாட்டிலேயே சட்டப்படி அவர் ஒரு வெளிநாட்டவர். எமது வாசகர்களுக்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை.

அவனுடன் எவரும் பேசக்கூடாது என்பது மாணவரிடையே எழுதாச் சட்டமாயிருந்தபோது, அதனை மீறிப் பேசியவன் அவனைவிட ஒரு வயது மூத்தவனான போல் செசான். தொப்பி வணிகராயிருந்து வங்கி நடத்துமளவுக்கு உயர்ந்தவரின் மகன், ஊருக்கு உரியவன். பேசிய குற்றத்துக்காக மற்றவர்களிடம் அடியும் வாங்கினான். மறுநாள் சோலா ஒரு கூடை அப்பிள் பழங்களைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தான். இந்நிகழ்ச்சியைச் செசான் தமது முதுமையில் கூறியதாக, அவருடன் பழகிய எழுத்தாளர் காஸ்கே பதிவு செய்திருக்கின்றார். அப்பிள்களை வாழ்நாள் முழுவதும் வரைந்து ஓவிய உலகின் பார்வையையே மாற்றியவர் செசான் என்பதை அறிந்தோர், அக் கூடையைச் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டார்கள்.

மூன்றாமவன் பத்திஸ்தான் பாய். இம் மூவரையும் பிரிக்க முடியாதவர்கள் என்றே ஊர் அழைத்தது. ஆர்க் நதியில் நீந்துவதும், மலைச்சாரல்களில் நாள் முழுதும் அலைவதும், விக்தோர் ஹியூகோவின் கவிதைகளை உரக்கப் படிப்பதும், பிறகு மியூசேயின் கவிதைகளில் மயங்கி ஹியூகோவைச் சற்று ஒதுக்கிவைப்பதுமாக அவர்களின் விடுமுறைகள் கழிந்தன. ஊர் வாத்தியக் குழுவில் சோலா கிளாரினெட் ஊதினான். செசான் கோர்னெட் ஊதினான். இருவரும் நன்றாக வாசித்தார்கள் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. பள்ளியில் சித்திரப் பரிசு பெற்றவன் சோலா. இலத்தீனில் செய்யுள் இயற்றுவதில் வல்லவன் செசான். அன்றைய புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்து எதிர்காலம் கூறியிருந்தால், ஓவியனை எழுத்தாளனாகவும் எழுத்தாளனை ஓவியனாகவும் மாற்றியே கூறியிருப்போம்.

1858இல் வறுமை காரணமாகச் சோலா பாரிஸ் சென்றான். சென் லூயி லீசேயில் இடம் கிடைத்தது. ஆனால் நண்பர்கள் இல்லை. அதன் பின் ஊருக்கும் தலைநகருக்கும் இடையில் சென்றுவந்த கடிதங்கள் இன்று நூல்வடிவில் கிடைக்கின்றன. பதினெட்டு, பத்தொன்பது வயது மாணவர்கள் வாழ்க்கையைப் பற்றி என்ன சிந்தித்தார்கள் என்பதை அறிய அவற்றைவிடச் சிறந்த சான்று அரிது. ஆற்றங்கரையில் சாய்ந்து நின்ற பைன் மரம் நினைவிருக்கின்றதா என்று செசான் கேட்கின்றான். மரவெட்டியின் கோடரி அதனைத் தீண்டாதிருக்க வேண்டுமே என்று கவலைப்படுகின்றான். தான் எழுதிய நூலுக்குச் செசான் சித்திரம் வரைந்து, இருவர் பெயரும் ஒரே பக்கத்தில் பொன்னெழுத்தில் மின்னுவதாகக் கனவு கண்டேன் என்று 1860இல் சோலா எழுதுகின்றான்.

1861 மார்ச்சில் எழுதிய இன்னொரு கடிதம் எம்மவர் மனத்தை இன்னும் நெருங்கித் தொடும். பாரிஸ் வரத் தயங்கும் நண்பனுக்கு, மாதம் 125 பிராங்குடன் அங்கே வாழ முடியும் என்று சோலா கணக்கெழுதிக் காட்டுகின்றான். அறை வாடகை 20 பிராங். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு 60. ஓவியக் கூடத்துக்கு 10. துணி, தூரிகை, வர்ணத்துக்கு 10. எஞ்சிய 25இல் சலவையும் விளக்கும் புகையிலையும். முதலில் வந்தவன் பின்னால் வரப்போகும் நண்பனுக்கு அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் எழுதியனுப்பும் இக் கடிதத்தை எம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கின்றோம். எத்தனை பேர் பெற்றிருக்கின்றோம்! அடுத்த மாதமே செசான் பாரிஸ் வந்து சேர்ந்தான்.

இனிப் பெற்றோர் கேட்க விரும்பும் கேள்விக்கு வருவோம். சோதனை என்னவாயிற்று? சோலா 1859இல் இரண்டு தடவை பள்ளியிறுதித் தேர்வில் தோற்றான். எழுத்துத் தேர்வில் தேறியபோதும் வாய்மொழித் தேர்வில் வீழ்ந்தான். அதுவும் இலக்கியப் பாடத்தில். பின்பு சுங்கப் பகுதியில் எழுதுவினைஞனாகவும், 1862இலிருந்து அஷெத் பதிப்பகத்தில் பொதி கட்டுபவனாகவும் வேலை பார்த்தான். அந்த மனிதரே பின்னர் 20 நாவல்கள் கொண்ட ஒரு பெருந்தொடரை எழுதி முடித்தார்.

இதிலிருந்து, சோதனையில் தோற்பது நன்மைக்கே என்று நான் கூற வருவதாக எவரும் கொள்ளற்க. மூன்றாம் நண்பன் பத்திஸ்தானை மறந்துவிடக் கூடாது. அவன் பொலிரெக்னிக் கல்லூரிக்குத் தேர்வாகி, அறிவியலாளனாகி, 1870களில் கோர்னு என்பாருடன் சேர்ந்து பூமியின் அடர்த்தியை அளந்தறியும் ஆய்வில் ஈடுபட்டவன். எமது பெற்றோர் விரும்பும் பிள்ளை அவனே. ஆனால் அவனும் அதே ஆற்றில் நீந்தியவன். அதே கவிதைகளைக் கேட்டு வளர்ந்தவன். கவிதையும் காடும் அவனது பௌதிகத்தைக் கெடுத்துவிடவில்லை. ஒருவன் தேர்வில் தோற்றான். ஒருவன் முதல் தடவை தவறி மறு தடவை தேறினான். ஒருவன் உயர்கல்லூரிக்கே சென்றான். புள்ளிகள் மூவருக்கும் மூன்று விதம். மூவருக்கும் பொதுவாயிருந்தது அந்தத் தோழமையும் அதனுள்ளே நிகழ்ந்த வாசிப்புமே.

இசைப் பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. எமது சமூகத்தில் பிள்ளைகள் இசை பயில்வதில் குறைவில்லை, அரங்கேற்றங்களுக்கும் குறைவில்லை. மண்டபம், அழைப்பிதழ், பட்டு, பக்கவாத்தியம் என்று பெருந்தொகை செலவாகின்றது. அரங்கேற்றம் முடிந்த மறுநாள் வாத்தியம் உறைக்குள் புகுந்துவிட, பிள்ளை பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அதனை ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்கின்றது. இசையை ஒரு சான்றிதழாக்கிவிட்டோம். சோலாவும் செசானும் அரங்கேறவில்லை. சேர்ந்து ஊதினார்கள், அவ்வளவே. எனினும் தமது ஐம்பதுகளில் சோலா, அல்பிரட் புருனோ என்னும் இசையமைப்பாளருடன் கூடி, 1897இல் மேடையேறிய 'மெஸிடோர்' என்னும் இசை நாடகத்துக்கு உரைநடையிலேயே வசனம் எழுதினார். பயன் கருதாது பயின்ற ஒன்று எப்போது, எவ்விடத்தில் பயன் தரும் என்பதை எந்தப் பட்டியலும் கூறாது.

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளனாயிருந்த ஆண்டுகளில் நான் கண்ட உண்மையும் இதுவே. உயர்தரப் பரீட்சையில் மிகச் சிறந்த பெறுபேறுகளுடன் வந்தோரில் சிலர், பாடக்குறிப்புக்கு வெளியே ஒரு கேள்வி எழுந்தால் திகைத்து நின்றனர். ஊர் வாசிகசாலையில் நண்பர்களோடு கதை நூல்களை மாற்றி மாற்றி வாசித்து, அவற்றைப் பற்றிச் சண்டையும் பிடித்து வளர்ந்தவர்களோ விடை தெரியாதபோதும் வாதிட்டனர். சிந்தனை என்பது இரண்டாவது ஆள் ஒருவர் எதிரே இருக்கும்போதே கூர்மை பெறுகின்றது.

எமது தலைமுறையினர் இதனை அறியாதவர்கள் அல்லர். 1990களில், மின்சாரம் துண்டிக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒருவன் சுழற்ற நால்வர் பாட்டுக் கேட்பார்கள். அவனுக்குக் கை வலித்தால் அடுத்தவன் எழுந்து செல்வான். சோடிப் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஒரே புத்தகத்தை மூவர் சுற்றியிருந்து படித்தோம். 1995 ஒக்டோபர் முப்பதாம் நாள் வலிகாமமே ஓரிரவில் பெயர்ந்து சென்றபோது அந்தக் கூட்டமும் கலைந்தது. அவர்களில் சிலர் இன்று ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இலண்டனிலும் உள்ளனர். சிலர் எங்கும் இல்லை.

ஆகையால்தான் இதனை எழுதுகின்றேன். எம்மிடமிருந்து பள்ளித் தோழர்களைப் பறித்தது போர். போரில்லாத நாடுகளில், பஸ் ஓடும் வீதிகளில், நூலகக் கதவுகள் திறந்திருக்கும் நகரங்களில் வளரும் எமது பிள்ளைகளிடமிருந்து அதே தோழமையை நேர அட்டவணையின் பெயரால் நாமே பறித்துக்கொள்வது எவ்வகையில் நியாயம்?

வேற்றினத்துப் பிள்ளைகளுடன் நெருங்கினால் எமது பிள்ளைகள் எம்மைவிட்டு விலகிப்போவர் என்ற பயமும் பலரிடம் உண்டு. வெளியார் வீட்டுப் பிள்ளையாயிருந்த சோலாவுக்கு அந்த ஊரைச் சொந்த ஊராக்கியது குடியுரிமைப் பத்திரமன்று. அவனுக்காக அடிவாங்கிய ஒரு தோழன். எமது பிள்ளை வாழும் நாடு அதன் நாடாவது இப்படித்தான் நிகழும். அதனைத் தடுப்பதால் பிள்ளை தமிழாகிவிடாது; தனித்துப்போகும்.

அத் தோழமை கதைகளில் வருவதுபோல் குறையற்று முடிந்தது என்றும் நான் கூறவில்லை. 1886இல் சோலா வெளியிட்ட நாவலொன்றில் தோல்வியுறும் ஓவியன் ஒருவன் வருகின்றான். அது தன்னைப் பற்றியதே என்று செசான் மனம் நொந்து உறவை முறித்தார் என நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆயினும் 1887 நவம்பரில் செசான் சோலாவுக்கு எழுதிய கடிதமொன்று 2013இல் ஏலத்துக்கு வந்தது. முறிவு அவ்வளவு திடீரென நிகழவில்லை என்பது அதனால் தெளிவாயிற்று. அந்நாவலிலேயே மிக ஒளியுள்ள பக்கங்கள் மூன்று பள்ளிச் சிறுவர்கள் ஆற்றிலும் மலையிலும் திரிந்த நாட்களைப் பற்றியவை. 1898இல், தான் அறிந்திராத ஒரு யூத இராணுவ அதிகாரிக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதியமைக்காகத் தண்டிக்கப்பட்டு, இங்கிலாந்தில் ஏறத்தாழ ஓராண்டு தலைமறைவாய் வாழ்ந்தவர் சோலா. 1902இல் அவர் இறந்த செய்தி கேட்டுச் செசான் அறைக்குள் அடைபட்டு அழுதார். 1906இல் அவர்களது ஊரின் நூலகத்தில் சோலாவின் மார்பளவுச் சிலை திறக்கப்பட்ட வேளையிலும், பழைய நாட்களைப் பற்றி நண்பரொருவர் பேசக் கேட்டு, அறுபத்தேழு வயதான அம் முதியவர் எல்லோர் முன்னிலையிலும் கண்ணீர் விட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் அவரும் மறைந்தார்.

தமிழ்ப் பாடசாலைகளை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். மனனப் போட்டிகளுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தையாவது, பிள்ளைகள் தாம் விரும்பியதை, தமிழிலோ தாம் வாழும் நாட்டு மொழியிலோ வாசித்து, அதுபற்றித் தமக்குள் பேசுவதற்கு ஒதுக்குங்கள். அதற்குப் புள்ளி இடாதீர்கள். பெற்றோரிடம் இன்னும் எளியதொரு வேண்டுகோள். பிள்ளை பாடசாலையிலிருந்து திரும்பியதும் எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முன், இன்று யாருடன் கதைத்தாய், என்ன கதைத்தாய் என்று கேளுங்கள். அந்தத் தோழனின் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாள் வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுங்கள். சோதனைக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன.