பாரிஸில் நாலு பேருக்கு ஒரு ஜாகை

மாம்பலத்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "பையனுக்கு 25 வயது, பெண்ணுக்கு 22. வருகிற தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம். அதற்கு முன் நாலு பேருமாக ஒரு வாரம் பாரிஸ் பார்த்துவிட்டு வரலாம் என்று இவர் ஆசைப்படுகிறார். ஹோட்டலில் இரண்டு அறை எடுப்பதா, ஒரு பிளாட்டை வாடகைக்கு எடுப்பதா என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம்தான். நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்."

தீர்ப்புச் சொல்ல எனக்கு ஒரே ஒரு யோக்கியதைதான் உண்டு. என் அக்கா குடும்பம் 2023-ல் இதே பாரிஸுக்குப் போய், இதே கேள்விக்குத் தப்பான பதிலைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் அல்லாடிவிட்டு வந்தது. அவர்கள் பட்டதை நீங்கள் படாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

அக்கா பார்த்த விளம்பரத்தில், "இரண்டு அறை, நாலு பேர் படுக்கலாம், எல்லா வசதியும் உண்டு" என்று போட்டிருந்தது. இரண்டு அறை என்றால் நாம் என்ன நினைப்போம்? இரண்டு படுக்கையறை, அது தவிர ஒரு ஹால். அப்படித்தான் அக்காவும் நினைத்தாள். போய்க் கதவைத் திறந்தால், படுக்கையறை ஒன்று. இன்னொரு அறை ஹால்! அந்த ஹாலில் ஒரு சோபா. அதை இழுத்தால் கட்டிலாகும். நாலாவது ஆளுக்குப் படுக்கை சரியாகிவிட்டதாம்.

விளம்பரத்தில் பொய் இல்லை, சகோதரிகளே. பிரெஞ்சுக்காரர்களின் கணக்கு அது. அங்கே வீட்டை "பியேஸ்" கணக்கில் சொல்வார்கள். ஹாலும் அதில் ஒன்று. சமையலறையும் குளியலறையும் சேராது. ஆகவே, "2 பியேஸ்" அல்லது "டி 2" என்றால் ஒரு படுக்கையறையும் ஒரு ஹாலும். "3 பியேஸ்" என்றால் இரண்டு படுக்கையறை. மூன்று படுக்கையறை வேண்டுமென்றால் "4 பியேஸ்" என்று தேட வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொண்டாலே பாதிச் சங்கடம் தீர்ந்தது.

வயசுக்கு வந்த அண்ணனும் தங்கையும் ஒரே ஹாலில் எப்படிப் படுப்பது? அக்காவும் பெண்ணும் உள்ளே, அத்திம்பேரும் பையனும் வெளியே என்று ஏற்பாடு செய்தார்கள். அத்திம்பேருக்கு முதுகுவலி. விடியற்காலை ஐந்து மணிக்கு அவருக்குக் காப்பி வேண்டும். பையனோ பெங்களூரில் ராத்திரி ஷிப்டு பார்த்துப் பழகியவன். ஒன்பது மணிக்கு முன்னால் கண் திறக்கமாட்டான். சமையலறைக்குப் போகும் வழி அவன் கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான். மூன்றாம் நாள் ஒரு காப்பி டம்ளர் கீழே விழுந்தது. அதைச் சாக்காக வைத்துப் பெரிய சண்டை. பிறகு அந்தப் பையன் ராத்திரி வேளைகளில் தனியாக நதிக்கரையில் நடக்கப் போய்விடுவானாம். "சித்தி, பாரிஸில் எனக்கு ஒரு கதவுகூட இல்லை" என்று பிற்பாடு என்னிடம் சொன்னான்.

யோசித்துப் பார்த்தேன். குழந்தைகள் சின்னவர்களாக இருந்தபோது ஜமக்காளத்தை விரித்து வரிசையாகப் போட்டோம், போதும். வளர்ந்த பிள்ளைகளுக்கு வேண்டியது கட்டில் இல்லை, கதவு. ஆகவே, "எத்தனை பேர் படுக்கலாம்" என்று போட்டிருப்பதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். சாத்திக்கொள்ளக்கூடிய கதவுள்ள அறை எத்தனை, ஓர் அறைக்குப் போக இன்னோர் அறையைத் தாண்ட வேண்டுமா என்று கேளுங்கள். வீட்டின் வரைபடம் இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள்.

விஸ்தீரணத்தையும் பாருங்கள். அங்கே சதுர மீட்டர் கணக்கு. ஒரு சதுர மீட்டர் நம் கணக்கில் 10.76 சதுர அடி. 50 சதுர மீட்டர் என்றால் சுமார் 540 சதுர அடிதான்! பெரியவர்கள் நாலு பேர் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் இருக்க 70 சதுர மீட்டராவது வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது குளியலறை. பாரிஸின் பழைய வீடுகளில் பலவற்றில் கழிப்பறை தனியாகவும் குளியலறை தனியாகவும் இருக்கும். இது நமக்கு நல்லது. காலையில் ஒருவர் குளிக்கும்போது மற்றவர் கதவைத் தட்ட வேண்டியதில்லை. இரண்டு குளியலறை உள்ள வீடு கிடைத்தால் பாக்கியம். கிடைக்காவிட்டால் கழிப்பறையாவது தனியாக இருக்கட்டும். இன்னொன்று: நம் ஊரைப் போல அங்கே தண்ணீர்க் குழாய் இருக்காது. பெட்டியில் ஒரு சின்னச் செம்பு வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மாடியும் லிப்டும்

படங்களில் பார்த்து மயங்குகிறோமே, சாம்பல் நிறக் கூரையும் இரும்புக் கிராதி போட்ட பால்கனியுமாக, அந்தக் கட்டிடங்களில் பெரும் பகுதி ஓஸ்மான் என்பவர் பெயரால் வழங்குபவை. 1853 முதல் 1870 வரை நகரத்தின் நிர்வாகியாக இருந்து, பழைய சந்துகளை இடித்து அகலமான வீதிகளைப் போட்டவர் அவர். அவர் காலத்துக் கட்டிடங்களைக் கட்டும்போது லிப்ட் கிடையாது. பிற்பாடு பலவற்றில், மாடிப்படி வளைந்து ஏறும் நடு வெளியில் லிப்டைச் சொருகினார்கள். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்! பெட்டியைத் தனியாக அனுப்பிவிட்டு நாம் படியேற வேண்டியிருக்கும். லிப்டே இல்லாத வீடுகளும் ஏராளம். ஐந்தாவது மாடியா, லிப்ட் உண்டா, அது வீட்டு வாசல் வரை வருகிறதா, பாதி மாடியில் நின்றுவிடுகிறதா என்று எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

உச்சி மாடியில் வீடு மலிவாகக் கிடைக்கும். அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் படுத்த அறைகள் அவை. மேலே துத்தநாகத் தகட்டுக் கூரை. "நாம் பார்க்காத வெயிலா?" என்று சிரிக்காதீர்கள். 2019 ஜூலை 25-ஆம் தேதி பாரிஸில் 42.6 டிகிரி செல்ஷியஸ்! வீடுகளில் பெரும்பாலும் ஏர் கண்டிஷன் கிடையாது. தலைக்கு மேல் மின்விசிறியும் இராது. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் நடு மாடியாகப் பார்ப்பது நல்லது.

எந்தப் பேட்டை?

பாரிஸை 20 வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். லூவர் மியூஸியம் இருக்கும் இடம் முதல் வட்டாரம். அங்கிருந்து நத்தை ஓடு போல வலமாகச் சுற்றிக்கொண்டு போகும். தபால் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கமே வட்டார எண். 75005 என்றால் ஐந்தாவது, 75014 என்றால் பதினாலாவது. விளம்பரத்தில் "நகரத்துக்கு மிக அருகில்" என்று போட்டு, குறியீடு 75 என்று ஆரம்பிக்காவிட்டால் அது பாரிஸே இல்லை, பக்கத்து ஊர்.

ஈபில் கோபுரம் ஜன்னலில் தெரிய வேண்டும் என்று அதிக வாடகை கொடுக்காதீர்கள். கோபுரத்தைப் பார்க்க நாம் வெளியேதான் போகப் போகிறோம். ரயில் வசதியைப் பாருங்கள். உதாரணமாக, பதினாலாவது வட்டாரத்தில் டான்பேர் ரோஷ்ரோ என்று ஒரு நிலையம். சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி ரயில் நேரே அங்கே வருகிறது. அங்கிருந்து 6-ஆம் நம்பர் மெட்ரோ ஈபில் கோபுரத்துப் பக்கம் போகிறது. 4-ஆம் நம்பர் நகரத்தின் நடுவே போகிறது. பக்கத்திலேயே காய்கறி, பழம், ரொட்டிக் கடைகள் உள்ள தெரு. சாதாரண ஜனங்கள் குடித்தனம் பண்ணும் பேட்டை. இப்படிப்பட்ட இடம் போதும்.

வளர்ந்த பிள்ளைகள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் ஊர் சுற்றுவார்கள். சுற்றட்டும். மெட்ரோ ரயில் சாதாரண நாட்களில் ஒன்றேகால் மணி வரையிலும், வெள்ளி, சனி இரவுகளில் இரண்டேகால் மணி வரையிலும் ஓடுகிறது. ஆனால் நிலையத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம், வழியில் கடைகளும் வெளிச்சமும் உண்டா என்று வரைபடத்தில் பார்த்து வையுங்கள். ஐந்து நிமிஷ நடைக்குள் இருந்தால், பெண் திரும்பி வரும்வரை நீங்களும் ஜன்னலில் நிற்க வேண்டியதில்லை. சாவி இரண்டு செட் கேட்டு வாங்குங்கள். ஒரு செட் பிள்ளைகளிடம்.

சமையல் யார்?

பிளாட் எடுப்பதன் முதல் லாபம் சமையலறை. முதல் ஆபத்தும் அதுதான்! அக்கா ஏழு நாளில் ஐந்து நாள் காலையில் பொங்கலும் ராத்திரி ரசமும் வைத்தாள். "மாம்பலத்தில் பண்ணுவதை பாரிஸில் பண்ணினேன், அவ்வளவுதான்" என்றாள். உல்லாசப் பயணம் அவளுக்கு மட்டும் இல்லை. புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: காலைக் காப்பியும் டிபனும் வீட்டில், மத்தியானம் வெளியே, ராத்திரி முறை வைத்து ஒவ்வொருவர். பையன் தயிர்சாதம் கலந்தால் கை தேய்ந்துவிடாது.

அடுப்பு பல வீடுகளில் இண்டக்ஷன்தான். காந்தம் ஒட்டாத அலுமினியக் குக்கர் அதில் வேலை செய்யாது. நெய், பால்கோவா, பால் பவுடர் எதுவும் கொண்டு போகாதீர்கள். பிரயாணிகள் பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பாவுக்குள் எடுத்துவரத் தடை இருக்கிறது. கவலை வேண்டாம். கார் து நோர் ரயிலடிக்குப் பக்கத்தில் லா ஷாப்பெல் என்ற பேட்டை முழுக்க இலங்கைத் தமிழர் கடைகள். அரிசி, பருப்பு, கறிவேப்பிலை, முருங்கைக்காய் வரை கிடைக்கும். அங்கேயே மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது; 1985-ல் ஏற்பட்டது. கோடை முடிவில் பாரிஸ் வீதியில் அவருக்குத் தேர் ஓடுகிறது.

இன்னொரு எச்சரிக்கை: பழைய வீடுகளில் மரத் தரை. நடந்தால் கீழ்வீட்டில் கேட்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் போட்டால் புகார் வரும். சீட்டுக் கச்சேரியை அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

பணமும் சட்டமும்

பாரிஸில் பிளாட்டைப் பிரயாணிகளுக்கு விட, நகரசபையில் பதிவு செய்து எண் பெற வேண்டும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை வருஷத்தில் 90 நாளுக்கு மேல் விடக்கூடாது என்று 2025 முதல் விதி. பதிவெண் இல்லாத விளம்பரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். வெளியே தனியாகப் பணம் அனுப்பு என்று கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வேறு ஊர் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக விடுவது சட்டவிரோதம். நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் வீட்டுக்காரரும் கூடவே இருக்க வேண்டும். விருந்தாளி இரண்டு பேருக்கு மேல் கூடாது. நாலு பேர் குடும்பத்துக்கு அது சரிப்படாது.

வாடகையைக் கூட்டிப் பாருங்கள். நாளைக்கு 200 யூரோ, ஆறு இரவு என்றால் 1200. சுத்தம் செய்யும் கட்டணம் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 1320, நாளைக்கு 220 ஆகிவிட்டது. இதற்கு மேல் தங்கும் வரி. 18 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்த வரி இல்லை; உங்கள் பிள்ளைகளுக்கு உண்டு. விசாவுக்குத் தங்குமிட அத்தாட்சி கேட்பார்கள். ஆனால் விசா கைக்கு வருமுன் திரும்ப வராத பணத்தைக் கட்டிவிடாதீர்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் தேதி எது என்று பார்த்து முன்பதிவு செய்யுங்கள். பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விசாவுக்கு மனுப் போடலாம்.

சரி, மாம்பலத்துச் சகோதரிக்கு என் தீர்ப்பு இது. மூன்று படுக்கையறை உள்ள "4 பியேஸ்" கட்டுப்படியானால் பிளாட்டே எடுங்கள். இல்லாவிட்டால் அபார்ட்-ஹோட்டல் என்று சமையலறையோடு கூடிய ஜாகைகள் இருக்கின்றன. அதில் அடுத்தடுத்து இரண்டு எடுத்து, நீங்களும் பெண்ணும் ஒன்றில், தகப்பனும் பிள்ளையும் மற்றதில் இருக்கலாம். சோபாக் கட்டில் மட்டும் வேண்டாம்.

அக்கா வீட்டுப் பையன் மறு வருஷமே வேலையாகக் கனடாவுக்குப் போய்விட்டான். பெண்ணுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. நால்வருமாகப் போன கடைசிப் பிரயாணம் அதுதான் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. "ஒரு அறை கூட எடுத்திருக்கலாம்டி, என்ன பெரிய பணம்" என்று அக்கா இன்றும் சொல்கிறாள். உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, சகோதரி. தை பிறக்கப் போகிறது. அந்த ஒரு அறையை எடுத்துவிடுங்கள்.