டோபமின் விரதம்

அரூரை அடுத்த தீர்த்தமலையில் சென்ற மாதம் படியேறுகையில், உடன் வந்த இளைஞர் ஒருவர் கைபேசியை வீட்டிலேயே விட்டு வந்ததாகவும், அது தம்முடைய 'டோபமின் விரதம்' என்றும் சொன்னார். விரதம் நல்லதே. பெயரில்தான் எனக்கு உடன்பாடில்லை.

டோபமினைத் துறந்தவரால் ஒரு படிகூட ஏற இயலாது. அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால்தான் பார்க்கின்சன் நோயாளியின் நடை தளர்கிறது. அவருக்கு மருந்தாகும் லெவோடோபா நம் பூனைக்காலி விதையில் உண்டு. 1937இல் சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் அதைப் பிரித்தெடுத்தனர்.

அளவு மீறாதிருக்கும் ஏற்பாடும் மூளைக்குள்ளேயே இருக்கிறது. டோபமினை வெளியிடும் அணுவின் மேற்பரப்பிலேயே டி2 என்னும் ஏற்பிகள் உள்ளன. வெளியேறிய டோபமின் அவற்றில் வந்து பொருந்தியதும் அணுவுக்குள் கால்சியம் புகுவது குறைகிறது, சுரப்பும் தணிகிறது. கொக்கைன் போன்ற போதைப்பொருளோ, வெளியேறிய டோபமின் அணுவுக்குள் மீள்வதைத் தடுத்து இந்தக் கட்டுப்பாட்டை மிஞ்சிவிடுகிறது.

ஆகவே, பழியை ஒரு மூலக்கூற்றின்மீது சுமத்துவது நியாயமன்று. அப்படிச் சுமத்திவிட்டால், ஓயாது நம்மை அழைக்கும்படி அந்தத் திரையை வடிவமைத்தவர்களைக் கேள்வி கேட்க மறந்துவிடுவோம். பாறையிலிருந்து விழும் இராம தீர்த்தத்தின் கீழ் நின்றபோது இதைத்தான் அவரிடம் சொன்னேன்.