ஊரார் கையில் மின்சாரம் நிற்காதா?

ஒரு பேட்டையின் அல்லது ஊரின் மக்கள் தமக்குள் சிலரைப் பொறுப்பாளர்களாக அமர்த்தி, சூரிய மின் தகடு, காற்றாலை, சாண எரிவாயுக் கலன் போன்றவற்றைப் பொதுச் சொத்தாக வைத்து நடத்த ஏற்படுத்தும் அறக்கட்டளையோ சங்கமோ நெடுநாள் தாக்குப்பிடிக்காது என்ற கருத்து, திருச்சிராப்பள்ளி போன்ற நகரங்களில் படித்தவர்களிடமும் அதிகாரிகளிடமும் ஏறத்தாழ முடிந்த தீர்ப்பாகவே வழங்கிவருகிறது. மின்சாரம் பொறியாளர்களின் வேலை, மின் வாரியத்தின் கம்பி வாசல் வரை வந்தபின் இன்னொன்று தேவையில்லை, சட்டம் இடம் தராது, எல்லாவற்றுக்கும் மேலாக இத்தகைய அமைப்பு ஒரு தனிமனிதரின் ஆர்வத்தில் பிறந்து அவரோடு முடிந்துவிடும் என்பன அக்கருத்துக்கு அடிப்படையாகச் சொல்லப்படும் காரணங்கள். இவற்றுள் கடைசியில் மட்டும் பாதி உண்மை உண்டு என்பதால் அது முடிவில் விரிவாக ஆராயப்படும்.

பொறியாளர்களால்தான் நடத்த முடியும் என்ற வாதம், கருவியை நிறுவுவதையும் அதைப் பேணுவதையும் ஒன்றாகக் குழப்புகிறது. தகட்டைப் பொருத்துவதற்கும் இன்வெர்ட்டரைப் பழுது பார்ப்பதற்கும் கூலிக்கு ஆள் கிடைக்கும். கிடைக்காதது, இந்த மாதம் எத்தனை யூனிட் உற்பத்தியாயிற்று, சென்ற ஆண்டு இதே மாதத்தைவிட அது ஏன் குறைந்தது, தகட்டில் படிந்த தூசியைக் கழுவி எத்தனை நாளாயிற்று, பேட்டரி மாற்றுவதற்கென்று ஒதுக்க வேண்டிய தொகை வங்கியில் இருக்கிறதா என்று விடாமல் கேட்கும் ஆள். இந்த வேலைக்குப் பட்டம் வேண்டியதில்லை என்பதற்குச் சான்று தேடி வெளியூர் போகவும் வேண்டாம். 1987-இல் தொடங்கப்பட்ட கிராமாலயா என்ற தொண்டு நிறுவனமும் திருச்சி மாநகராட்சியும் துணைநிற்க, இந்நகரின் குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறைகளை நடத்தும் பொறுப்பை அங்கேயே வாழும் பெண்களின் குழுக்கள் ஏற்றன. அப்பெண்கள் முறை வைத்து வாசலில் அமர்ந்து, பயன்படுத்துவோரிடம் சில்லறைக் கட்டணம் வாங்கி, அன்றன்றைய வரவை நோட்டில் எழுதி, அதிலிருந்தே துப்புரவுக் கூலியும் மின் கட்டணமும் மோட்டார் பழுதுச் செலவும் கொடுத்து, மிச்சத்தை வங்கியில் போட்டார்கள். அத்தகைய பகுதிகளில் ஒன்றான கல்மந்தை 2002-இல் திறந்தவெளி மலங்கழிப்பு இல்லாத குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. மாநகராட்சி தன் ஆட்களை வைத்துப் பராமரித்தபோது நாறிக்கிடந்த இடங்களை, எழுதப் படிக்கத் தடுமாறியவர்களும் இருந்த குழுக்கள் கணக்கு நோட்டைக் கொண்டு மீட்டன என்னும்போது, அதே ஊரில் ஒரு சூரிய மின் அமைப்பைப் பேணுவதற்கு மட்டும் மக்களுக்குத் தகுதி போதாது என்று எந்த அளவுகோலால் சொல்வது என்பதை இவ்வாதக்காரர்கள் விளக்கியதில்லை.

வாரியத்தின் கம்பி வந்தபின் தேவையில்லை என்பது இதைவிட வலுவான வாதம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் பீகார் மாநிலத்துத் தர்னை கிராமத்தின் கதையும் உண்மையானதே. கிரீன்பீஸ் அமைப்பும் அதன் கூட்டாளிகளும் 2014-இல் அங்கே 100 கிலோவாட் சூரிய நுண்மின்வலையை, அதாவது பொதுக் கட்டமைப்போடு இணையாமல் ஊருக்குள்ளேயே உற்பத்தி செய்து ஊருக்குள்ளேயே பகிரும் சிறு மின்வலையை நிறுவினார்கள். குளிர்பதனப் பெட்டி போன்றவற்றை அதில் இயக்கக் கூடாதென்ற கட்டுப்பாடு இருந்ததாலும், அரசு மின்சாரத்தைவிட யூனிட் விலை கூடுதலாக இருந்ததாலும், உண்மையான மின்சாரம் வேண்டும் என்று அவ்வூர் மக்களே குரல் எழுப்பினார்கள். அரசின் கம்பி வந்தது. சில ஆண்டுகளில் பேட்டரிகள் செத்து அமைப்பு முடங்கியது. ஆனால் இது மக்களின் மேலாண்மை தோற்ற கதையன்று. மானியம் பெற்ற பெரிய கட்டமைப்போடு ஒரு சிறிய அமைப்பைப் போட்டிக்கு நிறுத்திய திட்டமிடல் தோற்ற கதை.

கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி நேர்மாறான வழியில் சென்றது. குடிநீர்த் திட்டமும் தெருவிளக்குகளும் பெருகப் பெருக ஊராட்சியின் மின் கட்டணம் ஏறிக்கொண்டே போனதைக் கண்டு, 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்த இரா. சண்முகமும் அவருடைய மன்றமும் முதலில் 2003-இல் 9 கிலோவாட் அளவில் மரக்கழிவை எரிவாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் கலன் ஒன்றைச் சிறிய அளவில் முயன்று பார்த்தார்கள். பிறகு 2006-இல், சுமார் 1.55 கோடி ரூபாய் விலையுள்ள 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை, ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு சுமார் 40 லட்சத்தோடு எஞ்சியதை வங்கிக் கடனாகப் பெற்று வாங்கினார்கள். அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. காற்று வளமுள்ள உடுமலைப்பேட்டை வட்டாரத்து மைவாடியில், ஊரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது. ஓடந்துறையைப் புகழ்ந்து எழுதுகிறவர்களும் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடும் செய்தி இது. ஆண்டுக்கு ஆறு லட்சம் யூனிட்டுக்கு மேல் அது தரும் மின்சாரம் வாரியத்தின் கம்பியிலேயே கலந்து, ஊராட்சிக்குத் தேவையான சுமார் நாலரை லட்சம் யூனிட் கணக்கில் கழிக்கப்பட, மிச்சம் வாரியத்துக்கே விற்கப்பட்டது. அந்த வருவாயிலிருந்தே கடனும் அடைக்கப்பட்டது. வாரியத்தின் கம்பி அங்கே எதிரியாக நிற்கவில்லை. ஊராட்சியின் சரக்கைச் சந்தைக்குக் கொண்டுசென்ற சாலையாக இருந்தது. டென்மார்க்கின் தலைநகரை ஒட்டிய கடலில் 2000-ஆம் ஆண்டு முதல் இயங்கும் மிடல்குருண்டன் காற்றாலைத் தொகுதியும் இத்தகையதே: 20 காற்றாலைகளில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்களின் கூட்டுறவுக்குச் சொந்தமாகத் தொடங்கியது.

கம்பி இருந்தால் போதும் என்பவர்கள் கம்பி அறுந்த நாளைப் பற்றிப் பேசுவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபின், பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மோட்டார் ஓடாததால் குடிநீரும் இல்லை. திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்காலும் கோரையாறும் நெருங்கிவரும் புத்தூரைச் சுற்றிய மேற்குப் பகுதி, 1977-இலும் 2005-இலும் வெள்ளம் கண்டது. எதிர்த்தரப்புக்குக் கிடைக்கக்கூடிய ஒரு நல்ல ஆயுதத்தை இங்கே அத்தீர்ப்பை மறுப்பவர்களே எடுத்துக் கொடுத்துவிடலாம்: மாடியில் வைக்கப்படும் சாதாரணச் சூரியத் தகடு, வாரியத்தின் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரை மின்சாரம் தாக்காதிருக்க, இன்வெர்ட்டர் அப்படித்தான் அமைக்கப்படுகிறது. ஆகவே பேரிடர் தாங்கும் திறன் தகட்டினால் வருவதன்று. பேட்டரியும், தனித்து இயங்கவல்ல இன்வெர்ட்டரும், எந்த விளக்குக்கும் எந்த மோட்டாருக்கும் முதலிடம் என்ற முன்முடிவும் சேர்ந்தால்தான் அது வரும். அதற்குப் பெரிய செலவும் ஆகாது. இருபது 10 வாட் விளக்குகள் பத்து மணி நேரம் எரிய 2 யூனிட்டும், ஒரு குதிரைத்திறன் மோட்டார் இரண்டு மணி நேரம் தண்ணீர் ஏற்ற ஏறக்குறைய ஒன்றரை யூனிட்டும் போதும். ஒரு தெருவுக்கு அந்த மூன்றரை யூனிட் எங்கே செல்ல வேண்டும், கைபேசிக்கா, முதியவரின் மூச்சுக் கருவிக்கா, மேல்நிலைத் தொட்டிக்கா என்பதை வாரியத்தின் தலைமையகம் தீர்மானிக்க முடியாது. அந்தத் தெருவை அறிந்தவர்கள் கூடிப் பேசித்தான் தீர்மானிக்க வேண்டும்.

சட்டத் தடையைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், ஊரகப் பகுதிகளில் ஊராட்சிகளும் பயனர் சங்கங்களும் கூட்டுறவுகளும் மின் பகிர்மானத்தில் ஈடுபட வழி வைத்திருக்கிறது. நகரப் பகுதியான புத்தூரில் அண்டை வீட்டுக்கு மின்சாரம் விற்க உரிமம் வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் தன் பொதுக் கட்டடத்துக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் உற்பத்தி செய்துகொள்ள அந்தத் தடை இல்லை. 2024-இல் வந்த ஒன்றிய அரசின் சூரிய வீடு திட்டம், குடியிருப்போர் நலச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் அறிவித்தது.

எஞ்சியிருப்பது தனிமனிதர் வாதம். ஓடந்துறையையே எடுத்துக்கொண்டால், சண்முகம் இல்லாமல் அது நடந்திருக்காது என்பதை மறுக்க முடியாது. அவருக்குப் பின் தலைவரானவர் அவருடைய மனைவி லிங்கம்மாள் என்பதும் இவ்வாதத்துக்கே வலுச் சேர்ப்பதாகத் தோன்றும். ஆனால் காற்றாலையின் உடைமை அவர் பெயரில் இல்லை, ஊராட்சியின் பெயரில் இருந்தது. கடன் தவணை ஊராட்சியின் கணக்கிலிருந்து போனது. அந்தக் கணக்கு அரசுத் தணிக்கைக்கு உட்பட்டது. தலைவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்காளர் மாற்ற முடியும். மனிதரின் ஆர்வம் தொடங்கிவைத்ததை விதிகள் பிடித்துநிறுத்தின. விதிகள் பிடித்துநிறுத்திய அமைப்புக்கும் அப்படி நிறுத்தாத அமைப்புக்கும் உள்ள வேறுபாட்டை, 1969-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாட்டில் தோன்றிய ஊரக மின் கூட்டுறவுகளிலும் காணலாம். அக்காலத்தில் பிறந்த கர்நாடகத்து ஹுக்கேரிச் சங்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் மின் பகிர்மானம் செய்துவந்திருக்க, மராட்டியத்து முளா-பிரவரா சங்கம் அரசு மின் நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டிய பாக்கி மலைபோல் ஏறி 2011-இல் பகிர்மான உரிமையை இழந்தது.

அறக்கட்டளை என்ற வடிவத்துக்கு இதில் ஒரு தனிக் குறை உண்டு. அதைப் பரப்புகிறவர்கள் இதைப் பற்றி வாய்திறக்காதது வியப்பே. மராட்டியத்திலும் குஜராத்திலும் உள்ளதைப் போலப் பொது அறக்கட்டளைகளை மேற்பார்க்கும் தனிச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. சார்பதிவாளரிடம் ஆவணத்தைப் பதிந்துவிட்டால், ஆண்டுதோறும் ஊராரைக் கூட்டிக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் அறங்காவலர்களுக்கு இல்லை. அவர்கள் வாழ்நாள் முழுவதும் பதவியில் இருக்கலாம், வாரிசையும் நியமிக்கலாம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி அமையும் சங்கத்தில் உறுப்பினர் உண்டு, ஆண்டுப் பொதுக்கூட்டம் உண்டு, வரவு செலவு அறிக்கையை ஆண்டுதோறும் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் கடமையும் உண்டு. எனவே வருமான வரிச் சலுகைக்காகவோ நன்கொடைக்காகவோ அறக்கட்டளையே வேண்டும் என்று முடிவு செய்பவர்கள், அறங்காவலரின் பதவிக்காலம் மூன்றாண்டு, ஒரே குடும்பத்தில் இருவர் கூடாது, பேட்டரி மாற்று நிதியை வேறெந்தச் செலவுக்கும் தொடக் கூடாது, மாதாந்திர யூனிட் கணக்கும் வங்கி இருப்பும் தெருவில் எல்லார் கண்ணிலும் படும் பலகையில் எழுதப்பட வேண்டும் என்ற விதிகளை, பதிவுக்கு முன்பே ஆவணத்தில் எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது; பின்னர் சேர்ப்பதற்குப் பதவியில் இருக்கும் அறங்காவலர்களின் சம்மதமே தேவைப்படும்.