கரணையும் மண்ணும்

போன மாதம் மேல்பட்டாம்பாக்கம் போயிருந்தேன். பண்ருட்டியிலிருந்து கடலூர் பஸ். முன்னால் ஒரு கரும்பு டிராக்டர், முந்த வழியில்லை. நெல்லிக்குப்பம் ஆலைக்குத்தான் அதுவும் போகிறது, அவசரமில்லாமல்.

பெரியப்பாவுக்கு எழுபத்தொரு வயது. ராத்திரி ஐந்து தடவை எழுந்து கொல்லைப்பக்கம் போவதை, 'வயசாச்சுல்ல' என்று இரண்டு வருஷம் ஒப்பேற்றியவர். அந்த வயதில் இது பெரும்பாலும் ப்ராஸ்டேட் சுரப்பியின் சாதாரண வீக்கம்தான். ஆனால் அதை டாக்டர் சொல்ல வேண்டும், நாமே சொல்லிக்கொள்ளக் கூடாது. ரத்தத்தில் பி.எஸ்.ஏ., அப்புறம் பயாப்ஸி, அப்புறம் கேன்சர் என்று ஒரு காகிதம்.

"பீடி கெடையாது, சாராயம் கெடையாது. எனக்கு எப்புடிடா தம்பி இது வந்துச்சு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கெட்டுப்போன செல் ஒன்று தறிகெட்டுப் பெருகுவதுதான் கேன்சர் என்று நாமெல்லாம் படித்தோம். அது பாதிக் கதை. ப்ராஸ்டேட்டில் சுரக்கிற செல்களைச் சுற்றி, அவற்றைத் தாங்கிப் பிடிக்கிற தசை, நார், ஃபைப்ரோபிளாஸ்ட் என்கிற செல்கள் எல்லாம் உண்டு. வீட்டுக்குச் சுவர் மாதிரி. சும்மா நிற்கிற சுவர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள்.

1999-ல் சான் ஃபிரான்சிஸ்கோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை செய்தார்கள். கேன்சருக்குப் பாதி வழி வந்து, ஆனால் தானாகக் கட்டியாகாத ப்ராஸ்டேட் செல்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பங்கை ஆரோக்கியமான ஃபைப்ரோபிளாஸ்ட்டுடனும், இன்னொரு பங்கைக் கேன்சர் கட்டியிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுடனும் கலந்து எலிகளின் சிறுநீரகத்தில் வைத்தார்கள். (எலிகளின் சம்மதம் பற்றித் தகவல் இல்லை.) முதல் ஜோடி சாதுவாக இருந்தது. இரண்டாவது, பெரிய கட்டியாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே கெட்ட ஃபைப்ரோபிளாஸ்ட்டை முழு ஆரோக்கியமான செல்லோடு சேர்த்தபோது ஒன்றும் ஆகவில்லை. வெறும் சகவாச தோஷம் போதாது. ஆசாமியும் கொஞ்சம் சறுக்கியிருக்க வேண்டும்.

கட்டியைச் சுற்றியுள்ள இந்தச் செல்கள், ஆறாத புண்ணுக்கு மருந்து போடுகிறவை மாதிரி நடந்துகொள்கின்றன. வளர்ச்சிச் சரக்கைச் சுரக்கின்றன, நாரைக் குவிக்கின்றன, புது ரத்தக் குழாய்க்கு ஆள் அனுப்புகின்றன. புண் ஆறினால் நிறுத்தலாம். இங்கே ஆறுவதே இல்லை.

பெரியப்பா வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்கு எதுக்குடா எலி? அதே கரணையத்தான் ஆத்தோரக் கொல்லையிலயும் ஊனுறோம், மேட்டாங்கொல்லையிலயும் ஊனுறோம். ரெண்டும் ஒண்ணாவா வெளையுது?"

நான் வாயடைத்துப் போனேன். 1889-ல் லண்டனில் ஸ்டீஃபன் பேஜட் என்கிற சர்ஜன், மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் குறிப்புகளைப் புரட்டிவிட்டு, ஏறக்குறைய இதைத்தான் எழுதினார்: விதை எங்கும் போகும், ஒத்துவருகிற மண்ணில்தான் முளைக்கும். ப்ராஸ்டேட் கேன்சர் பரவும்போது எலும்பை விரும்பித் தேடுவதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

"சரி, அப்ப மண்ணுக்கு வைத்தியம் உண்டா?"

நல்ல கேள்வி. சுற்றியுள்ள செல்களை மட்டும் குறிவைக்கிற மருந்துகள் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சியில்தான் இருக்கின்றன. ஆனால் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் காட்டிய வழி, அதாவது ஆண் ஹார்மோனைக் கட்டிப்போடுவது, இன்றும் நடக்கிறது. அதற்கு 1966-ல் நோபல் பரிசு. அந்த ஹார்மோனுக்குக் காது கொடுப்பது கேன்சர் செல் மட்டுமல்ல, பக்கத்துச் செல்களும்தான். தண்ணியை நிறுத்தினால் கரணைக்கும் மண்ணுக்கும் சேர்த்துத்தானே. பெரியப்பாவுக்கும் அந்த ஊசிதான் எழுதியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது பஸ் வரைக்கும் வந்தார்.

"கூடப் பொறந்தவங்களுக்கும் வருமாமேடா?"

"வரணும்னு இல்ல பெரியப்பா. மத்தவங்களவிட ரெண்டு மடங்கு சான்ஸ்னு சொல்றாங்க."

"ஒங்கப்பன் ராத்திரி எத்தினி தடவ எழுந்திரிக்கிறான்?"

அப்பா எனக்கு அடுத்த அறையில்தான் படுக்கிறார். எனக்குத் தெரியவில்லை.